சீட்டில் எழுதாத மாத்திரை

சிவகாசியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு வாரத்தில் கணக்கான நாள் சனிக்கிழமைதான். பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் எல்லாவற்றிலும் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் பலசரக்குக் கடை, மருந்துக்கடை, சேவுக்கடை என்று பிரியும். பழைய பாக்கி தீருவதும் புதுப் பாக்கி தொடங்குவதும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். கூட்டத்தின் வாயைக் கவனித்தாலே போதும், எந்த மாத்திரைக்கு இப்போது மவுசு என்று தெரிந்துவிடும். ஒரு காலத்தில் எல்லாருக்கும் இரும்புச்சத்து டானிக் வேண்டியிருந்தது. அப்புறம் கால்சியம். கொரோனா வந்தபோது ஜிங்க்கும் வைட்டமின் சி-யும். இப்போது மெக்னீசியம்.

“அண்ணாச்சி, இந்த மெக்னீசியம் மாத்திரை இருக்கா? ஹார்ட்டுக்கு நல்லதாம்ல?”

கேட்கிறவர்கள் யாரென்று பார்த்தால்தான் சங்கதி புரியும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், பைபாஸ் முடித்தவர், மூச்சு வாங்குகிறதென்று நீர் மாத்திரை சாப்பிடுபவர், படபடப்பென்று போய் ஈ.சி.ஜி. எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டும் மனசு ஆறாதவர். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. செல்போனில் ஒரு படம் இருக்கும். படத்தில் ஒரு பாட்டில், பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம், கீழே நாலு வரி.

நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் படித்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து கடை போட்டவன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. இதய டாக்டர் தான் எழுதிய சீட்டைப் பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் தன் சீட்டைப் பார்க்கிறார், முழங்கால் வலிக்கு ஊசி போடுகிறவரிடம் சீட்டே கிடையாது. மூன்றும் வந்து சேரும் இடம் எங்கள் கவுண்டர். போதாக்குறைக்குச் சீட்டில்லாமல் வாங்கிப் போகிற கேஸ் மாத்திரை, வலி மாத்திரை, மலச்சிக்கல் சிரப் வேறு. ஒரு ஆளின் வயிற்றுக்குள் மொத்தமாக என்னென்ன போகிறது என்பது மருந்துக்கடைக்காரனுக்குத்தான் தெரியும். மெக்னீசியத்தைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி இவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. கம்பி மத்தாப்பு செய்யும் ஓர் அக்கா ஒருநாள் கேட்டார்: “நாள் பூரா அந்தத் தூள்லதான கெடக்கோம். அது தோல் வழியா உள்ள போயிருக்காதா? இதுல மாத்திரை வேற எதுக்கு?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கை, முகம், பல் எல்லாம் வெள்ளி பூசினாற்போல் ஆக்கிவிடும் அந்தத் தூள் பெரும்பாலும் அலுமினியப் பவுடர். வெள்ளை வெளிச்சத்துக்கு மெக்னீசியமும் உதவும்; அலுமினியத்தோடு கலந்து மேக்னாலியம் என்ற கலவையாகப் பேன்சி ரகங்களில் சேர்ப்பார்கள். அது உலோகம். தோலில் ஒட்டினாலும் சரி, மூச்சோடு மூக்கில் ஏறினாலும் சரி, உடம்புக்கு ஒரு சத்தும் சேராது, நுரையீரலுக்குக் கெடுதல்தான். உடம்புக்கு வேண்டிய மெக்னீசியம் உப்பாக, சாப்பாட்டிலோ தண்ணீரிலோ கரைந்து குடல் வழியாக வர வேண்டும்.

பட்டாசு ரசாயனம் இதயத்தைத் தொடுவது வேறொரு வழியில். மத்தாப்பிலும் பச்சை நிற வாணங்களிலும் காலங்காலமாகப் போட்டது பேரியம் நைட்ரேட். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்ததும், எங்கள் ஊர் அதனால் பட்ட பாடும் தனிக் கதை. தண்ணீரில் கரையும் பேரியம் வாய் வழியாக உள்ளே போனால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் புகுந்துகொள்ளும். ரத்தத்தில் பொட்டாசியம் சரசரவென்று இறங்கும், கைகால் துவளும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதற்கு வாய் வழியாகக் கொடுக்கும் மாற்று என்ன தெரியுமா? மெக்னீசியம் சல்பேட். நம் பாட்டிமார் பேதிக்குக் கலக்கிக் கொடுத்த அதே பேதி உப்பு. சோடியம் சல்பேட்டும் அந்த வேலையைச் செய்யும். இதிலுள்ள சல்பேட் பேரியத்தைப் பிடித்துக் கரையாத பேரியம் சல்பேட்டாக்கிவிடும். வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் சுண்ணாம்புக் குழம்புபோல் ஒன்றைக் குடிக்கச் சொல்வார்களே, அதுவும் பேரியம் சல்பேட்தான். கரையாது என்பதால் விஷமில்லை. இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. குழந்தை மத்தாப்பு மருந்தைத் தின்றுவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். மெக்னீசியத்துக்கும் இதயத்துக்கும் எங்கள் மண்ணில் இப்படியும் ஓர் உறவு இருக்கிறதே என்பதற்காகச் சொன்னேன்.

மதுரையில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்பேட் ஊசி இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று பிரசவ வார்டு. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி கண்டால் முதலில் போடுவது அதுதான். இன்னொன்று அவசரப் பிரிவு. 2 மில்லி ஆம்பூல், 50 சதவீதக் கரைசல், ஆம்பூலுக்கு 1 கிராம். பிரசவ வார்டில் மருந்து போட்டுக்கொண்டே நர்ஸ் ரப்பர் சுத்தியால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் அடுத்த டோஸ், துள்ளாவிட்டால் நிறுத்தம். மெக்னீசியம் ரத்தத்தில் அளவு மீறினால் முதலில் போவது அந்தத் துள்ளல், அப்புறம் மூச்சு, கடைசியில் இதயம். எதிர்மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்துத் தட்டிலேயே தயாராக இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவனுக்கு ‘மெக்னீசியம்தானே, சத்து மாத்திரைதானே’ என்று சொல்ல நாக்கு வராது.

அவசரப் பிரிவில் அதன் வேலை வேறு. சில மருந்துகளாலும், பொட்டாசியம், மெக்னீசியம் குறைவதாலும் ஒருவகைத் துடிப்புக் கோளாறு வரும். ஈ.சி.ஜி. தாளில் கோடுகள் முறுக்கிய கயிறு மாதிரி பெரிதாகியும் சிறிதாகியும் ஓடும். டோர்சாட் என்பார்கள். அதற்கு 2 கிராம் மெக்னீசியம் நரம்பு வழியாக ஏற்றினால் பல நேரம் துடிப்பு தடத்துக்கு வந்துவிடும். மெக்னீசியத்துக்கு இதய மருந்து என்ற பெயர் நியாயமாகக் கிடைத்த இடம் இது.

அந்தப் பெயர் இதைத் தாண்டியும் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1992-இல், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த லிமிட்-2 என்றொரு ஆய்வு வெளிவந்தது. மாரடைப்பென்று வந்த 2,316 பேரில் பாதிப் பேருக்கு உடனே மெக்னீசியம் ஏற்றினார்கள். 28 நாட்களுக்குள் நேர்ந்த சாவு, ஏற்றியவர்களிடம் கால்பங்கு குறைவு. மலிவான மருந்து, எந்த ஊரிலும் கிடைப்பது, கம்பெனிக் காப்புரிமை கிடையாது. மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 1995-இல் ஐசிஸ்-4 வந்தது. இதில் 58,050 பேர். மெக்னீசியத்தால் ஒரு லாபமும் தெரியவில்லை. மருந்தைத் தாமதமாகக் கொடுத்திருப்பார்கள், அதனால்தான் என்று ஒரு கட்சி வாதாடியது. அதையும் தீர்த்துவிடுவோம் என்று, ஆபத்து கூடிய நோயாளிகளுக்குச் சீக்கிரமே கொடுத்துப் பார்த்தார்கள். மேஜிக் என்ற அந்த ஆய்வில் 6,213 பேர். முடிவு வந்தது 2002-இல். வித்தியாசம் இல்லை. மாரடைப்புக்கு மெக்னீசியம் ஏற்றும் வழக்கம் அதோடு போயிற்று. சிறிய ஆய்வு கொடுத்த நம்பிக்கையைப் பெரிய ஆய்வு எடுத்துக்கொள்வது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதுதான். வாட்ஸப்பில் மட்டும் எப்போதும் முதல் ஆய்வுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் இதய நோயாளிக்கு மெக்னீசியமே வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பாட்டில் கேட்டு வருபவர்கள் இல்லை.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பெரியவர். ஆப்செட் மிஷினில் காலண்டர் அடித்தே ஆயுசைக் கழித்தவர். விரல் நகத்தில் மை இன்னும் போகவில்லை. இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, நீர் மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். நெஞ்செரிச்சலுக்கென்று யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பான்டோபிரசோல் வேறு. வருஷக்கணக்காக வெறும் வயிற்றில் தினம் ஒன்று. அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார், ‘அது கேஸ் மாத்திரைதான’ என்பார். ஒரு சமயம் ரொம்பத் தளர்ந்துபோனார். கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, நெஞ்சு படபடத்தது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. பொட்டாசியம் சிரப் எழுதினார்கள். குமட்டும் ருசி, தண்ணீரில் கலந்துதான் குடிக்க முடியும். அவர் ஒரு வேளையும் தவறவிடவில்லை; பாட்டில் காலியாகிற கணக்கு எனக்குத் தெரியுமே. ஆனாலும் பொட்டாசியம் ஏறவில்லை. டோஸைக் கூட்டினார்கள். அப்போதும் அசையவில்லை.

மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே பார்த்த டாக்டர் மெக்னீசியம் பரிசோதனை எழுதினார். ரிப்போர்ட்டைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார் மகன்: 1.1. சாதாரணமாக 1.7-க்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு நாள் ஊசி மூலம் மெக்னீசியம் ஏற்றிவிட்டு, மாத்திரை எழுதி, கேஸ் மாத்திரையை நிறுத்தி அனுப்பினார்கள். அதே பொட்டாசியம் சிரப்தான். அடுத்த வாரமே அளவு சரியாகிவிட்டது.

இதில் மாயமில்லை. சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் வழிகளை அடைத்து வைத்திருப்பதே மெக்னீசியம்தான். அது குறைந்தால் வழி திறந்தே கிடக்கும்; மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே போய்விடும். நீர் மாத்திரை நீரோடு சேர்த்து உப்பு, பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளை நாள்பட எடுத்தால் குடலில் மெக்னீசியம் ஏறுவது குறையும். 2011 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் பிரயோஜனமில்லை, கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் சரியானது. எங்கள் கடையில் அதிகம் போகிற மாத்திரை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேஸ் மாத்திரை என்பேன். பரோட்டாவும் காராச்சேவும் சாப்பிடும் மாவட்டம் இது; ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா, காலையில் பான்டோபிரசோல்.

டிஜாக்சின் சாப்பிடுகிறவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்கள்தான் எங்களிடம் அதை அதிகம் வாங்குவது. சீட்டில் ‘வாரம் 5 நாள்’ என்று இருக்கும். சனி, ஞாயிறு கிடையாது. ஆலைக்கு ஞாயிறு லீவு, டிஜாக்சினுக்கு ரெண்டு நாள் லீவு என்று நாங்கள் சொல்லிக் கொடுப்போம். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்த உடம்பில் அந்த மருந்து சரியான அளவிலேயே விஷமாகத் திரும்பக்கூடும். வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் தட்டுவது என்று வந்து நின்றால் மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன்.

இவர்களோடு நாள்பட்ட சர்க்கரைக்காரர்கள், தினமும் குடிக்கிறவர்கள், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள். மெக்னீசியம் குறைவது இந்த வட்டத்துக்குள்தான் அதிகம். இவர்களுக்கு அது இதய மருந்தேதான்.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு? ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை. 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் வருஷத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. தினம் 368 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டால் மேல் அழுத்தம் சராசரியாக 2 புள்ளி இறங்குகிறது. உப்பு ஊறுகாயை ஒதுக்கிவைத்தால் அதைவிட அதிகமாக இறங்கும். கெண்டைக்கால் பிடிப்புக்கும் பெரிய நிவாரணம் இல்லை; வயதானவர்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலன் இருக்க வாய்ப்பில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மெக்னீசியம் விற்பதே கெண்டைக்காலை நம்பித்தான் என்பது வேறு விஷயம்.

பாட்டிலைக் கையில் எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று இருக்கும். அது மொத்த உப்பின் எடை. அதில் மெக்னீசியம் ஏறக்குறைய 14 சதவீதம்தான். அந்த எண் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மலிவான மாத்திரைகளில் இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு. எடையில் 60 சதவீதம் மெக்னீசியம் என்று பார்க்க லாபமாகத் தெரியும், ஆனால் குடலில் ஏறுவது சொற்பம். மிச்சம் தண்ணீரை இழுத்து வைத்து வயிற்றைக் கலக்கும். மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண் இருக்கும். இந்தப் பாட்டில்களில் இருப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் சட்டப்படி அச்சிட்டிருப்பார்கள். இதய நோய்க்கென்று வாங்குகிறவருக்கு அதைப் படித்துக் காட்டினால் முகம் மாறும். சிலர் அப்படியும் வாங்குவார்கள். “நீங்க விக்கதுக்குத்தான கட வச்சிருக்கீங்க” என்று ஒருவர் கேட்டார். கேட்டது சரிதான். சத்து மாத்திரையில் கிடைக்கும் லாபம் அட்டை மாத்திரையில் கிடைக்காது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பயம் கொடுத்தது ஒரு வயதான தம்பதி. அவருக்குச் சர்க்கரை பதினைந்து வருஷத்துக்கு மேல். மாரடைப்பு ஒரு தடவை வந்து போயிருந்தது. சிறுநீரகம் பாதிக்குக் கீழே போய், கிரியாட்டினின் 3.8. பெங்களூரில் இருக்கும் மகன் அப்பாவின் மேலுள்ள பிரியத்தில் ஆன்லைனில் மெக்னீசியம் பாட்டில் அனுப்பிக்கொண்டிருந்தான். மலச்சிக்கலுக்கு ராத்திரி ஒரு மூடி வெள்ளை சிரப் என்னிடமிருந்தே போய்க்கொண்டிருந்தது. யார் யாரோ வந்து வாங்கிப் போனதால் அவர் வீட்டுக்குத்தான் போகிறது என்று கடையில் யாருக்கும் தெரியாது. அந்த சிரப்பே மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. ஒருநாள் அந்த அம்மா ரிப்போர்ட் பையோடு வந்தார்.

“அண்ணாச்சி, அவுக ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்காக. எழுப்புனா முழிக்காக, மறுபடி கண்ணு சொருகுது. பிரஷர் வேற எறங்குது. பிரஷர் மாத்திரைய நிப்பாட்டிரவா?”

“வேற என்னென்ன குடுக்கீங்கம்மா? எல்லாத்தையும் சொல்லுங்க. சத்து மாத்திரை, சிரப், நாட்டு மருந்து, ஒண்ணு விடாம.”

பையை விரித்துக் கவுண்டரில் பரப்பினார். பாட்டிலும் சிரப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கிரியாட்டினின் சீட்டும் அங்கேயே கிடந்தது. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோ பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். போகும்போது அந்த இரண்டு பாட்டிலையும் கையில் கொடுத்து, டாக்டர் மேஜையில் இதை முதலில் வையுங்கள் என்றேன். மெக்னீசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. கால்சியம் ஊசி போட்டு, டயாலிசிஸும் செய்து மீட்டார்கள். நல்ல சிறுநீரகம் உபரி மெக்னீசியத்தைத் தினமும் வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. நம் ஊர் இதய நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரையும் சேர்ந்து இருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று யோசித்தால் இந்தப் பாட்டிலைத் தட்டில் அடுக்கவே மனசு வராது. ரோஸ் கலர் ஆன்டாசிட் சிரப்பிலும் மெக்னீசியம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேடு, பார்வைக்குக் கேடாகத் தெரியாதது. மெக்னீசியம் யாரையும் ஒன்றும் செய்யாமலே, வேலை செய்கிற மாத்திரையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. ஒரு பயர் ஆபீஸ் போர்மேன்; காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கொழுப்பு மாத்திரையால் தொடை வலிக்கிறது, மெக்னீசியம் எடுத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, எண்ணூறு ரூபாய்க்குப் பாட்டில் வாங்கிவிட்டார். அந்த மாதம் பையில் காசில்லை. க்ளோபிடோகிரெல் அட்டையை ‘அடுத்த சம்பளத்துக்கு வாங்கிக்கிடுதேன்’ என்று தள்ளிவைத்தார். ரத்தம் உறையாமல் காக்கும் அந்த மாத்திரையை ஸ்டென்ட் வைத்த முதல் வருஷம் ஒருநாள்கூட விடக் கூடாது. உள்ளே அடைத்துக்கொண்டால் அது இரண்டாவது மாரடைப்பு, முதலாவதைவிட மோசமானது. அட்டையைக் கடனில் கொடுத்து, தொடை வலியை டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரை மாற்றுவார் என்று அனுப்பினேன்.

மாரடைப்பில் வேலை செய்கிற மருந்து எது என்று அரசாங்கமே எண்ணிக் காட்டியிருக்கிறது. 2023 ஜூனில் தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை நிலையத்துக்கோ வருகிறவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. எல்லாம் மலிவானவை. அந்த 14-இல் மெக்னீசியம் இல்லை.

டாக்டர் எழுதியே மெக்னீசியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவுண்டரில் நான் சொல்வது கொஞ்சம்தான். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃபிளாக்ஸசின் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதினால் அதோடு சேர்த்து விழுங்காதீர்கள், மருந்து குடலிலேயே கட்டிக்கொள்ளும். பேதி வந்தால் சொல்லுங்கள். மறுபரிசோதனைத் தேதியை விடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் வீட்டில் ஏசுவார்கள். வளர்ந்த ஆணுக்குத் தினம் சுமார் 440 மில்லிகிராம், பெண்ணுக்கு 370 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகுக்கு 146 மில்லிகிராம், சோளத்துக்கு 133, கம்புக்கு 124. தீட்டிய அரிசிக்கு 19. எங்கள் கரிசலில் அரிசி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொங்கிய பண்டம். கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடம். ரேஷன் அரிசி பசியைத் தீர்த்தது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வருஷம் பூராவும் மூன்று வேளையும் தீட்டின அரிசி, குடிக்க கேன் தண்ணீர் என்று ஆனபோது மெக்னீசியம் இரண்டு பக்கமும் குறைந்தது. எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீர் உப்புத் தண்ணீர். சட்டியில் வெள்ளைப் படலம் கட்டும். அந்த வெள்ளையில் கால்சியத்தோடு மெக்னீசியமும் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 100 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆர்.ஓ. மிஷின் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். கடினத் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் இதயச் சாவு குறைவா என்று 1950-களிலிருந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒருமுகமான முடிவு கிடையாது. அதற்காக உப்புத் தண்ணீரைக் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் நாலு நாள் கம்பங்கூழோ கேழ்வரகு களியோ சேருங்கள், பாசிப்பயறும் நிலக்கடலையும் ஒரு கைப்பிடி தின்னுங்கள் என்றுதான் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்கள் இதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்; பயறிலும் கடலையிலும் பொட்டாசியமும் கூடவே வரும்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். ரத்தத்தில் ஓர் உப்பை அளந்து பார்க்க முன்போல் மதுரைக்கு ஓட வேண்டிய காலம் இல்லை. இதயத்துக்கென்று மெக்னீசியம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது நான் மூன்று எண்களைக் கேட்கிறேன்: கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம். மூன்றாவது பலருக்கு எடுத்தே இருக்காது. நீர் மாத்திரையோ கேஸ் மாத்திரையோ வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவராக இருந்தால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். குறைவென்று வந்தால் அவரே எழுதுவார், அதை நான் தருகிறேன். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பாட்டில் விலையைவிடக் குறைவு.